காலி போல்டர் சொன்ன பொய்

வீட்டிற்கு இரண்டாவது கம்ப்யூட்டர் வந்தவுடன் எல்லோருக்கும் ஓர் ஆசை வரும். ஒன்றில் உள்ள பைல்களை இன்னொன்றில் இருந்தபடியே பார்க்க வேண்டும். பென் டிரைவை எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறி இறங்க யாருக்குப் பிடிக்கும்? நெட்வொர்க்கில் இணைத்து, ஒரு கம்ப்யூட்டரின் டிஸ்கை இன்னொன்றில் ஒரு போல்டராகக் காட்டிவிட்டால் வேலை முடிந்தது. லினக்சில் இதற்கு ‘மவுன்ட்’ செய்தல் என்று பெயர். கம்ப்யூட்டரை ஆன் செய்தவுடன் இது தானாக நடக்கும்படி அமைக்கவும் வழி உண்டு. கேட்டால் பெரும்பாலோர் சொல்லும் வழி, ‘எப்எஸ்டேப் பைலில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள், போதும்’ என்பதுதான்.

அந்த ஒரு வரி வீட்டுக் கம்ப்யூட்டருக்குச் சரிப்படாது என்பது என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன்.

நான் ஓசூர் சிப்காட்டில் ஓர் ஆட்டோமொபைல் உதிரிபாகத் தொழிற்சாலையில், தரம் பார்க்கும் பிரிவில் ஷிப்ட் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கம்ப்யூட்டர் படித்தவன் அல்ல. மகள் கல்லூரியில் சேர்ந்தபோது வாங்கிய லேப்டாப்பில் லினக்ஸ் மின்ட் போட்டுக் கற்றுக்கொண்டேன். எங்கள் பழைய டெஸ்க்டாப்பை மானிட்டர், கீபோர்டு எதுவும் இல்லாமல் மாடி அறையில் வைத்து, பெரிய ஹார்ட் டிஸ்க் ஒன்றைப் போட்டு, அதிலும் லினக்ஸ் ஏற்றி, சம்பா என்ற புரோகிராம் மூலம் ஒரு போல்டரைப் பகிர்ந்து வைத்தேன். வீட்டில் அதற்கு ‘மாடி டப்பா’ என்று பெயர். லேப்டாப்பில் உள்ள போட்டோ, வீடியோ, மகளின் காலேஜ் வேலைகள் எல்லாம் தினமும் இரவு 10 மணிக்கு மாடி டப்பாவில் ஒரு நகல் எடுக்கப்படும். அதற்கு ஒரு சிறிய ஸ்கிரிப்ட். டப்பாவின் போல்டரை லேப்டாப்பில் இணைக்க எப்எஸ்டேப் பைலில் ஒரு வரி. நானே டைப் செய்தது. முதல் முறையே வேலை செய்ததில் எனக்கு ஏகப்பட்ட பெருமை.

2024 பொங்கலுக்கு வீட்டிற்கு வெள்ளையடித்தோம். மாடியிலிருந்து வந்த நெட்வொர்க் கேபிளை எலி கடித்திருந்தது. அதைக் கழற்றி எறிந்துவிட்டு, லேப்டாப்பை வைஃபைக்கு மாற்றினேன். இன்டர்நெட் வந்தது, எல்லாம் நன்றாகவே ஓடியது. இரவு நகலும் ஓடிக்கொண்டிருந்தது. எப்போதாவது அந்தப் போல்டரைத் திறந்து பார்ப்பேன். நேற்றைய தேதியில் பைல்கள் இருக்கும். மூடிவிடுவேன்.

செப்டம்பரில் லேப்டாப்பின் டிஸ்க் கட கட என்று சத்தம் போட்டு நின்றது. நான் பதறவில்லை. மாடியில்தான் நகல் இருக்கிறதே! டப்பாவில் மானிட்டரை மாட்டிப் பார்த்தேன். கடைசி நகலின் தேதி ஜனவரி 13. போகிக்கு முந்தைய நாள். அதற்குப் பிறகு அங்கே ஒன்றுமே இல்லை.

அப்படியானால் எட்டு மாதமாக நான் பார்த்துக்கொண்டிருந்த பைல்கள் எங்கே இருந்தன? அதே லேப்டாப்பில். செத்துப்போன அதே டிஸ்கில். அசலும் நகலும் ஒரே டிஸ்கில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்து, ஒன்றாகவே போய்ச் சேர்ந்தன. இடையில் இரண்டு முறை ‘டிஸ்கில் இடம் குறைகிறது’ என்று செய்தி வந்தது. நான் பழைய சினிமாக்களை அழித்துவிட்டு, இடம் கிடைத்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன்.

இது எப்படி நடக்கும் என்று விண்டோஸ் பழகியவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. விண்டோசில் ‘மேப் நெட்வொர்க் டிரைவ்’ கொடுத்தால் இசட் டிரைவ் என்று ஒன்று வரும். அந்தப் பக்கத்துக் கம்ப்யூட்டர் ஆப் ஆகியிருந்தால் இசட் டிரைவின் மேல் சிவப்புப் பெருக்கல் குறி தெரியும். அதில் எதையாவது காப்பி செய்யப் பார்த்தால் எர்ரர் வரும். இணைப்பு இல்லை என்றால் எழுதுவதற்கு இடமும் இல்லை.

லினக்சில் டிரைவ் எழுத்துக்களே கிடையாது. முதலில் நீங்கள் ஒரு சாதாரண காலி போல்டரை உங்கள் டிஸ்கில் உருவாக்குகிறீர்கள். அதன் மேல் நெட்வொர்க் போல்டரைக் கொண்டுவந்து மூடுகிறீர்கள். ஆற்றங்கரையில் பாய் விரித்தது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். பாய் இருந்தால் பாயில் உட்காருகிறோம். பாய் இல்லாவிட்டாலும் தரை இருக்கிறதே! உட்கார்ந்தவருக்கு வித்தியாசம் தெரியும். ஒரு ஸ்கிரிப்டுக்குத் தெரியாது. இணைப்பு இல்லாத அன்று அந்தக் காலி போல்டர் ஒரு சாதாரண போல்டராகவே இருக்கும், கொடுத்ததை எல்லாம் வாங்கிக்கொள்ளும்.

என் லேப்டாப்பில் வைஃபை பாஸ்வேர்ட் என் கணக்கிற்குள் சேமிக்கப்பட்டிருந்தது. அதனால் நான் லாகின் ஆன பிறகுதான் வைஃபை இணையும். எப்எஸ்டேப் வரியோ அதற்கு முன்பே, கம்ப்யூட்டர் எழுந்திருக்கும்போதே, ஒரே ஒரு முறை முயன்று பார்க்கும். நெட்வொர்க் இல்லை. தோல்வி. அத்துடன் அதன் கடமை முடிந்தது. கேபிள் இருந்தவரை இந்தப் பிரச்னை தெரியவில்லை. அந்த வரியில் ‘நோபெயில்’ என்ற சொல்லையும் யாரோ சொன்னார்கள் என்று சேர்த்திருந்தேன். இணைப்பு கிடைக்காவிட்டாலும் மேலே போய்க்கொண்டே இரு என்று அதற்கு அர்த்தம். போய்க்கொண்டே இருந்தது.

ஓசூர்க்காரர்களுக்கு ஓர் அனுபவம் இருக்கும். ஜூஜூவாடி தாண்டி அத்திப்பள்ளி நெருங்கும்போது செல்போன் தானாகவே கர்நாடகா டவரைப் பிடித்துக்கொள்ளும். ரோமிங் கட்டணம் இருந்த காலத்தில் எல்லையைத் தாண்டாமலேயே காசை இழந்தவர்கள் உண்டு. அப்போதாவது போனின் திரையில் ‘ரோமிங்’ என்று ஓர் அடையாளம் தெரிந்தது. என் போல்டரில் அதுவும் இல்லை. டப்பா இணைந்திருந்தாலும் இணையாவிட்டாலும் அதே பெயர், அதே போல்டர் படம்.

போனது என்ன என்றும் சொல்லிவிடுகிறேன். மகளின் ஒரு புராஜெக்ட் போனது. அவள் திட்டிக்கொண்டே திரும்பச் செய்தாள். என் அம்மா 2024 ஜூலையில் காலமானார். அதற்கு முன் மே, ஜூன் மாதங்களில் அவரிடம் சமையல் கேட்டு மகள் செல்போனில் பேச்சைப் பதிவு செய்து வைத்திருந்தாள். பிதுக்கம்பருப்புக் குழம்பு, களி கிண்டும் பக்குவம், கீரை மசியல் என்று 17 பதிவுகள். எங்கள் பக்கத்தில் பல வீடுகளில் நடப்பது போல அம்மாவின் பேச்சில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் கலந்து வரும். ஒரு வாக்கியம் தமிழில் தொடங்கித் தெலுங்கில் முடியும். போனில் இடம் இல்லை என்று நான்தான் அவற்றை லேப்டாப்பிற்கு மாற்றி, போனில் அழித்தேன். ‘மாடியில் நகல் இருக்கு, பயப்படாதே’ என்று மகளிடம் சொன்னதும் நான்தான். என் தங்கைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்த 3 பதிவுகள் மட்டும் கிடைத்தன. டிஸ்கை பெங்களூருக்கு எடுத்துப் போனோம். அங்கே ஒரு கடையில் இரண்டு வாரம் வைத்திருந்து, முடியாது என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

இதில் லினக்சைக் குறை சொல்வதில் அர்த்தம் இல்லை. இந்தச் சிக்கலுக்குப் பல வருடங்களுக்கு முன்பே வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். புதிதாக வருபவர்களிடம் அதைச் சொல்லாமல், சுலபம் என்று எப்எஸ்டேப் வரியைக் கொடுத்து அனுப்புகிறோம். என் வருத்தம் அதில்தான்.

கொஞ்சம் பழைய கதை. நெட்வொர்க் வழியாகப் பைல்களைப் பகிரும் என்எப்எஸ் என்ற முறையை சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 1984-ல் உருவாக்கியது. பல்கலைக்கழகங்களிலும் அலுவலகங்களிலும் நூற்றுக்கணக்கான கம்ப்யூட்டர்கள், பல சர்வர்கள். ஒவ்வொரு கம்ப்யூட்டரும் எழும்போதே எல்லாச் சர்வர்களையும் மவுன்ட் செய்துகொள்ளும். ஒரு சர்வர் படுத்தால், அதைத் தொட்ட புரோகிராம்கள் எல்லாம் அப்படியே உறைந்து நிற்கும். காலையில் சர்வர் தாமதமாக எழுந்தால் மற்றவையும் எழத் தாமதம். இதற்குத் தீர்வாக 1980-களின் இறுதியில் ‘ஆட்டோமவுன்டர்’ வந்தது. எழும்போது எதையும் மவுன்ட் செய்யாதே, யாராவது அந்தப் போல்டருக்குள் காலை வைக்கும் அந்த நொடியில் மவுன்ட் செய், வேலை முடிந்து சிறிது நேரம் சும்மா இருந்தால் கழற்றிவிடு. இதுதான் யோசனை. லினக்சுக்கு ‘ஆட்டோ எப்எஸ்’ என்ற பெயரில் இது 1990-களின் பிற்பகுதியில் வந்துவிட்டது. 2010-ல் வெளியான சிஸ்டம்டி என்ற தொகுப்பிலும் இதே வசதி சேர்க்கப்பட்டது. இன்று மின்ட், உபுண்டு, டெபியன், பெடோரா என்று வீட்டுக்காரர்கள் பயன்படுத்தும் பெரும்பாலான லினக்ஸ்களில் சிஸ்டம்டி ஏற்கெனவே உள்ளது. தனியாக எதையும் இறக்க வேண்டியதில்லை.

இது வேலை செய்யும் விதத்தைக் கவனியுங்கள். அந்தப் போல்டரின் வாசலில் லினக்சின் கெர்னல் ஒரு காவலாளியை நிறுத்திவைக்கிறது. நீங்களோ ஒரு புரோகிராமோ உள்ளே நுழைய முயன்றவுடன், காவலாளி உங்களை வாசலிலேயே நிறுத்திவிட்டு ‘மாடி டப்பாவை இணை’ என்று குரல் கொடுக்கிறார். இணைந்தால் உள்ளே விடுவார். இணையவில்லை என்றால் ‘இல்லை, போ’ என்று ஓர் எர்ரர் செய்தி கொடுத்துத் திருப்பி அனுப்புவார். அடியில் இருக்கும் காலி போல்டருக்குள் உங்களை விடமாட்டார்.

எனக்கு முக்கியம் இந்தக் கடைசி விஷயம்தான். ஆட்டோமவுன்ட் பற்றி எழுதுபவர்கள் எல்லாம் ‘பூட் ஆவது வேகமாகும், சர்வரின் சுமை குறையும்’ என்று எழுதுகிறார்கள். வீட்டில் ஒரே ஒரு டப்பா வைத்திருப்பவருக்குச் சுமை குறைந்து என்ன ஆகப்போகிறது? காலி போல்டர் பொய் சொல்லாது என்பது எவ்வளவு பெரிய லாபம்!

சிப்காட்டில் வேலை பார்த்தவர்களுக்கு ‘போகா-யோகே’ என்ற ஜப்பானியச் சொல் தெரிந்திருக்கும். ஷிகியோ ஷிங்கோ என்பவர் 1960-களில் டொயோட்டா தொழிற்சாலைகளில் பரப்பிய முறை. ஒரு பாகத்தைத் தலைகீழாக மாட்ட வாய்ப்பு இருந்தால், தலைகீழாக மாட்ட முடியாதபடி பிக்ஸ்சரில் ஒரு பின் வைத்துவிடுவார்கள். ‘கவனமாக மாட்டு’ என்று போர்டு எழுதி வைப்பது எங்களிடம் தீர்வாக ஒப்புக்கொள்ளப்படாது. தப்பான பாகம் அடுத்த ஸ்டேஷனுக்குப் போவதைவிட லைன் நிற்பது மேல். முப்பது வருடம் இதையே மற்றவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தவன், வீட்டில் பின் இல்லாத பிக்ஸ்சரை வைத்துக்கொண்டு தினமும் இரவு பத்து மணிக்குத் தப்பான பாகத்தை அனுப்பிக்கொண்டிருந்தேன்.

என் மனைவியின் தம்பி பேகேப்பள்ளியில் ஒரு ஜாப் ஒர்க் ஷெட் வைத்திருக்கிறார். மூன்று சிஎன்சி மெஷின்கள். டிராயிங்குகளும் மெஷின் புரோகிராம்களும் ஒரு சர்வரில் இருக்கும். அவர் இதை ஒப்புக்கொள்ளவில்லை. “என்ன மாமா, ஒரு வரியில முடியற வேலைக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா? என் ஷெட்ல அஞ்சு வருஷமா எப்எஸ்டேப்தான் ஓடுது. ஒரு நாள் கூடத் தகராறு பண்ணலை” என்றார்.

அவர் சொல்வது உண்மைதான். அவர் ஷெட்டில் அது சரியாகவும் இருக்கிறது. அங்கே சர்வர் ஒருபோதும் அணைவதில்லை. யுபிஎஸ் இருக்கிறது, ஜெனரேட்டர் இருக்கிறது. எல்லாம் கேபிள். மெஷின் பக்கத்துக் கம்ப்யூட்டரில் போல்டர் காலியாகத் தெரிந்தால் ஆபரேட்டர் அடுத்த நிமிடமே சத்தம் போடுவார், ஏனென்றால் அவருக்குப் புரோகிராம் வேண்டும். ஒரு மனிதர் தினமும் அதிலிருந்து *எடுக்கும்* போல்டரில் பொய் உடனே தெரிந்துவிடும். நம் வீட்டு பேக்கப் போல்டரில் ஒரு ஸ்கிரிப்ட் தினமும் *போடுகிறது*, யாரும் எடுப்பதில்லை. எடுக்கும் நாள் வரும்போது எட்டு மாதம் ஆகியிருக்கும்.

மேலும் நம் வீடுகளின் நிலைமை வேறு. மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு என்றால் காலையில் போகும் கரண்ட் மதியமோ மாலையோதான் வரும். லேப்டாப்புக்கு பேட்டரி இருக்கிறது, மாடி டப்பாவுக்கு இல்லை. கரண்ட் வந்த பிறகும் பல பழைய டெஸ்க்டாப்புகள் தானாக எழுவதில்லை. பயாசில் ‘ஏசி பவர் லாஸ்’ என்று ஒரு செட்டிங் இருக்கும். அதை ‘ஆன்’ என்று மாற்றினால்தான் கரண்ட் வந்தவுடன் எழும். டப்பா வைத்திருப்பவர்கள் இன்றே இதை மாற்றி வையுங்கள். இப்படி ஒரு பக்கம் தூங்கும், மறுபக்கம் விழித்திருக்கும் என்பதே வீட்டு நெட்வொர்க்கின் இயல்பு. எல்லாம் எப்போதும் ஆன் என்று நம்பி எழுதப்பட்ட வரி இங்கே பொருந்தாது.

மைத்துனரின் இன்னொரு குறையை நான் மறுக்க மாட்டேன். பழைய ஆட்டோ எப்எஸ் முறையில், இன்னும் யாரும் தொடாத போல்டர் பட்டியலிலேயே தெரியாமல் போகலாம். திறந்து பார்த்த வீட்டுக்காரர்கள் ‘ஐயோ, எல்லாம் போச்சு’ என்று அலறுவார்கள். பெயரைச் சரியாக டைப் செய்து உள்ளே போனால் வந்து நிற்கும். இது புதியவர்களுக்குப் பெரிய தொல்லை. அதனால் வீட்டிற்கு நான் சிஸ்டம்டி வழியைச் சொல்வேன். அதில் போல்டர் எப்போதும் கண்ணுக்குத் தெரியும். மாற்ற வேண்டியதும் அதே எப்எஸ்டேப் வரியில் ஓரிரு சொற்கள்தான்.

ஈடிசி என்ற போல்டரில் இருக்கும் அந்தப் பைலை அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமையுடன் திறங்கள். அதற்கு முன் அந்தப் பைலை ஒரு காப்பி எடுத்து வையுங்கள். நெட்வொர்க் போல்டருக்கான வரியில், ஆப்ஷன்கள் வரும் இடத்தில், ‘நோ ஆட்டோ’ என்பதையும், ‘எக்ஸ், ஹைபன், சிஸ்டம்டி, புள்ளி, ஆட்டோமவுன்ட்’ என்பதையும் இடைவெளி இல்லாமல் கமா போட்டுச் சேர்க்க வேண்டும். முதல் சொல், எழும்போது மவுன்ட் செய்யாதே என்கிறது. இரண்டாவது, தொட்டால் செய் என்கிறது. விருப்பப்பட்டால் ‘ஐடில் டைம்அவுட்’ என்ற ஆப்ஷனில் 60 விநாடி போன்ற ஓர் அளவு கொடுக்கலாம். அவ்வளவு நேரம் யாரும் தொடாவிட்டால் கழன்றுகொள்ளும். அதே பாணியில் ‘மவுன்ட் டைம்அவுட்’ என்றும் ஒன்று உண்டு. அதற்கு 10 விநாடி கொடுத்துவிடுங்கள். கொடுக்காவிட்டால், டப்பா தூங்கும்போது போல்டரைக் கிளிக் செய்தால் பைல் மேனேஜர் ரொம்ப நேரம் முழித்துக்கொண்டு நிற்கலாம், குறிப்பாக என்எப்எஸ் முறையில். பிறகு ஒரு ரீஸ்டார்ட்.

பாஸ்வேர்டை அந்த வரியிலேயே எழுதும் பழக்கம் பலருக்கு உண்டு. எப்எஸ்டேப் பைலை அந்தக் கம்ப்யூட்டரில் கணக்கு வைத்திருக்கும் யாரும் திறந்து படிக்கலாம். பாஸ்வேர்டுக்கு ஒரு தனிப் பைல் வைத்து, அதை ரூட் மட்டுமே படிக்கும்படி செய்து, ‘கிரெடென்ஷியல்ஸ்’ என்ற ஆப்ஷனில் அதன் இடத்தைச் சொல்லுங்கள்.

காவலாளி இருந்தும் எனக்கு முழு நம்பிக்கை வரவில்லை. சூடு கண்ட பூனை! அடுத்தடுத்துப் பல முறை இணைப்பு தோற்றால், சிஸ்டம்டி அந்தக் காவலையே விலக்கிக்கொள்ளும் வாய்ப்பு உண்டு. அப்போது அடியில் உள்ள காலி போல்டர் மீண்டும் வாயைத் திறந்துகொண்டு நிற்கும். எனவே அந்தக் காலி போல்டரையே பூட்டி வைத்தேன். எதையும் மவுன்ட் செய்யாத நிலையில் இதைச் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் மாடியில் இருக்கும் போல்டரைப் பூட்டப் போவீர்கள். சிஎச்ஏடிடிஆர் என்ற கட்டளைக்கு ‘பிளஸ் ஐ’ கொடுத்தால், அந்தப் போல்டரில் ரூட் நினைத்தாலும் எதையும் எழுத முடியாது. மவுன்ட் செய்வதற்கு இது தடை அல்ல. பாய் விரிக்கலாம், தரையில் உட்கார முடியாது. என் ஸ்கிரிப்ட் ரூட் உரிமையில் ஓடுவதால் சாதாரண பர்மிஷன் தடைகள் அதற்குப் பொருட்டே இல்லை. அதற்காகத்தான் இந்தப் பூட்டு. நான் சொன்ன போகா-யோகே பின் இதுதான். ஆட்டோமவுன்ட் வேண்டாம், பழைய வரியே போதும் என்று பிடிவாதம் பிடிப்பவர்களும் இந்தப் பூட்டை மட்டுமாவது போட்டுக்கொள்ளலாம். மைத்துனர் போட்டுக்கொண்டார். அதை என்னிடம் சொல்லவில்லை, நானே பார்த்தேன்.

ஸ்கிரிப்டிலும் ஒரு சோதனை வைத்தேன். மாடி டப்பாவின் டிஸ்கில் ‘நான்தான் டப்பா’ என்ற பெயரில் ஒரு சிறிய பைல். நகலெடுக்கும் முன் ஸ்கிரிப்ட் அந்தப் பைல் இருக்கிறதா என்று பார்க்கும். இல்லை என்றால் நகல் எடுக்காது, ஸ்கிரீனில் ஒரு செய்தி காட்டும். உங்களுக்கே சந்தேகம் வந்தால், டெர்மினலில் ‘பைன்ட்மவுன்ட்’ என்று டைப் செய்து, இடைவெளி விட்டு அந்தப் போல்டரின் முழு முகவரியைக் கொடுத்து என்டர் தட்டுங்கள். நெட்வொர்க் போல்டர் இணைந்திருந்தால், அது எந்தக் கம்ப்யூட்டரிலிருந்து வந்தது என்று காட்டும். சாதாரண போல்டராக இருந்தால் மவுனம்தான்.

இவ்வளவும் பேக்கப் எடுப்பவர்களுக்கு. மாடியில் உள்ள போட்டோவை எப்போதாவது கீழே பார்க்க வேண்டும், அவ்வளவுதான் என்பவர்கள் எப்எஸ்டேப் பக்கமே போக வேண்டாம். பைல் மேனேஜரில் இடது பக்கம் ‘நெட்வொர்க்’ என்று இருக்கும். அதைக் கிளிக் செய்து, டப்பாவைத் திறந்து, ஒரு புக்மார்க் போட்டுக்கொள்ளுங்கள். அடுத்த முறை ஒரே கிளிக். புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய வீடுகளில் பாதிப் பேருக்கு இதுவே போதும் என்று நினைக்கிறேன். தேவை இல்லாதவர்களுக்கும் எப்எஸ்டேப் வரி எழுதிக் கொடுப்பது நம் ஊர் லினக்ஸ்காரர்களின் ஒரு கெட்ட பழக்கம்.

பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் மலிவாகக் கிடைக்கிறது என்று பழைய நெட்வொர்க் ஸ்டோரேஜ் பெட்டிகளை வாங்கி வருபவர்களுக்கும் ஒரு வார்த்தை. அவற்றில் சில, எஸ்எம்பி என்ற பகிர்வு முறையின் முதல் பதிப்பை மட்டுமே பேசும். 2017 மே மாதம் உலகத்தையே ஆட்டிய வானாக்ரை வைரஸ், விண்டோசில் அந்த முதல் பதிப்பின் ஓட்டை வழியாகத்தான் பரவியது. அதன் பிறகு லினக்ஸ் கெர்னலும் சம்பாவும் அதை இயல்பாக ஏற்பதை நிறுத்திவிட்டன. ‘மவுன்ட் ஆகவில்லை’ என்று தலையைப் பிய்த்துக்கொள்வதற்கு முன் பெட்டியின் வயதைக் கேளுங்கள்.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் உண்டு. 2011-ல் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தின் மூலம் தமிழ்நாட்டின் எத்தனையோ மாணவர்கள் முதன்முதலில் லினக்சைப் பார்த்தார்கள். சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் அவற்றில் விண்டோசுடன் சேர்த்துத் தரப்பட்டது. பெரும்பாலோர் அதைத் திறந்து பார்க்காமலேயே விட்டார்கள். 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுத்தியது. விண்டோஸ் 11 ஏற்க முடியாத பழைய கம்ப்யூட்டர்கள் வீடு வீடாக இருக்கின்றன. அவற்றில் பல லினக்சுக்கு மாறுகின்றன, சில என் மாடி டப்பா போல மூலையில் உட்கார்ந்து பைல்களைக் காக்கப் போகின்றன. அவற்றை அமைத்துத் தரும் தம்பிகளிடம் ஒன்று கேளுங்கள். “டப்பா ஆப் ஆகியிருக்கும்போது இந்தப் போல்டரில் ஒரு பைலைப் போட்டால் என்ன ஆகும்?” எர்ரர் வரும் என்று சொன்னால் பணத்தைக் கொடுங்கள். உங்கள் கண் முன்னே டப்பாவை அணைத்துச் செய்து காட்டச் சொன்னால் இன்னும் நல்லது.

எங்கள் வீட்டில் போன வாரம் பராமரிப்புக்காகக் கரண்ட் போனது. மாலையில் மகள் லேப்டாப்பைத் திறந்து, அந்தப் போல்டரைக் கிளிக் செய்தாள். பத்து விநாடி கழித்து எர்ரர் செய்தி வந்தது.

“அப்பா, டப்பா இன்னும் எழுந்திருக்கலைப்பா. மேலே போய்ப் பாருங்க.”

போய்ப் பார்த்தேன். பிளக் கழன்றிருந்தது.